முதலைப் போட்டு முதலை வளர்க்கலாமா?

தேவிபட்டினத்துக்கு வடக்கே நாலு ஏக்கர் இறால் குளம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வெள்ளைப்புள்ளி நோய் இரண்டு முறை அடித்ததில் குளம் மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறதாம். மதுரையிலிருந்து ஒருவர் வந்து, "முதலைப் பண்ணை போடுங்கள், குட்டி நாங்கள் தருகிறோம், தோலையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், முன்பணம் மூன்று லட்சம்" என்கிறாராம். முதலை உப்புத் தண்ணீரில் வாழும், சங்காயம் (வலையில் வரும் கழிவு மீன்) போட்டாலே தின்னும், நோயே வராது என்றும் சொன்னாராம். இதில் எவ்வளவு உண்மை, வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள், நம் கடற்கரையில் முடியுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

நான் கால்நடை மருத்துவன், ஊர் மண்டபம் பக்கம். படிப்பு முடிந்த புதிதில் இரண்டு கோடைக்காலம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையில் கூடமாட நின்றிருக்கிறேன். அது தோலுக்கு வளர்க்கும் பண்ணை இல்லை, பாதுகாப்புக்கானது. பிறகு ஒரு முறை தாய்லாந்து போனபோது தோலுக்கு வளர்க்கும் இடத்தையும் பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேச்சு அதிலேயே முடிந்துவிடும். இந்தியாவில் மூன்று வகை முதலை உண்டு. ஆறு, குளம், அணையில் இருக்கும் சதுப்புநில முதலை (மக்கர் என்பார்கள்), கழிமுகத்திலும் கடலோரத்திலும் இருக்கும் உவர்நீர் முதலை, வடக்கே கங்கை, சம்பல் பக்கம் இருக்கும் நீள மூக்குச் சொம்புமூக்கு முதலை. மூன்றும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, தோல் உரிப்பது எல்லாமே குற்றம். குறைந்தது மூன்று வருடச் சிறை, அதிகம் ஏழு. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடல் அட்டை ஞாபகம் இருக்கிறதல்லவா? கீழக்கரையிலும் தொண்டியிலும் அட்டை எடுத்து, அவித்து, காயவைத்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்தவர்கள் எத்தனை பேர். 2001இல் அதை முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதோடு சரி. அதற்கு முன்பு தொழில், அதற்குப் பின்பு கடத்தல். ஒரே சரக்குதான், பெயர்தான் மாறியது. ஆவுளியா (கடற்பசு) இருக்கும் அதே வரிசையில்தான் முதலையும் நிற்கிறது.

"உள்நாட்டு முதலை வேண்டாம், தாய்லாந்து முதலை கொண்டுவருவோம்" என்று அவர் அடுத்துச் சொல்லுவார். அந்த சயாம் முதலை, சைட்டீஸ் என்கிற, அருகிவரும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியா 1976இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களையும் நம் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ஊர்வனவற்றின் தோலை இறக்குமதி செய்வதையே 2017 ஜனவரியில் தடை செய்துவிட்டார்கள். சரி, தோலை யாரிடம் விற்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத தொழிலில், "நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர் எதை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஈமு கோழியை மறந்திருக்க மாட்டீர்கள். பெருந்துறைப் பக்கம் ஆரம்பித்து மாநிலம் பூராவும் பரவி 2012இல் கவிழ்ந்தது. குஞ்சு நாங்கள் தருகிறோம், தீவனம் நாங்கள் தருகிறோம், கறியும் எண்ணெயும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்ற அதே பாட்டு. அங்கே பறவையைத் தின்னவோ உடுத்தவோ ஆள் இல்லை, புதிதாகப் பணம் போடுகிறவர்தான் பழைய ஆளுக்கு வாடிக்கையாளர். ஈமுவாவது சட்டப்படி வளர்க்கக்கூடிய பறவை. முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டுக் கொடுக்க அவிநாசியில் சுந்தரர் வந்தார். உங்கள் முன்பணத்துக்கு யாரும் பதிகம் பாட வரமாட்டார்கள்.

இனி விலங்கைப் பற்றி.

முதலை குளிர்ரத்த விலங்கு. அதாவது உடம்புச் சூட்டுக்காகத் தீனியை எரிக்காது, வெயிலில் கிடந்து வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அதே எடையுள்ள ஆட்டையோ பன்றியையோ விட மிகக் குறைவாகத் தின்னும். பெரிய முதலை மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைத்துவிடும். பண்ணைக்காரர்களை மயக்குவது இதுதான்: கொஞ்சம் போட்டால் நிறைய உடம்பு. ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. உடம்பு குளிர்ந்தால் முதலை தின்னாது, தின்றாலும் சரியாகச் செரிக்காது. குட்டிகளை 32 டிகிரி பக்கத்தில் வைத்திருந்தால்தான் சீராக வளரும். அதனால் குளிர் வரும் நாடுகளில் குட்டிகளைச் சூடேற்றிய கொட்டகையில்தான் வைக்கிறார்கள், குளத்தில் இல்லை.

முட்டை விஷயம் இன்னும் நுணுக்கம். வடநெம்மேலியில் மார்ச் மாதம் விடியற்காலையில் நாங்கள் முட்டை எடுக்கப் போவோம். மக்கர் பெண் சரிவான மணலில் குழி தோண்டி இரவில் முட்டையிட்டு, பின்னங்காலால் மூடித் தட்டி, மேலே ஒன்றுமே நடக்காதது மாதிரி வைத்துவிட்டுப் போகும். தாயை இரண்டு பேர் நீளக் கழியோடு தடுத்து நிற்க, ஒருவர் குப்புறப் படுத்துக் கையாலேயே மண்ணை எடுப்பார். கம்பியோ மண்வெட்டியோ கூடாது. முட்டை தெரிந்ததும் வெளியே எடுப்பதற்கு முன்பே மேல் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். கோழி முட்டையை அடைக்கோழி நாள் முழுக்கப் புரட்டும். முதலை முட்டையை ஒரு நாள் கழித்துப் புரட்டினால் கரு செத்துவிடும், ஏனென்றால் கரு மேல் ஓட்டின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசினமாதிரி ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். நாளாக ஆக அது பட்டையாகி முட்டையைச் சுற்றி வரும். பட்டை விழாத முட்டை கூமுட்டை. முதல் நாள் நான் இரண்டு முட்டையைக் கோட்டைப் பார்க்காமல் பெட்டியில் படுக்க வைத்துவிட்டு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

குட்டி ஆணா பெண்ணா என்பதை முதலையில் தீர்மானிப்பது தாயும் தந்தையும் இல்லை, மண்ணின் சூடு. மக்கர் முட்டையை 28 முதல் 31 டிகிரி வரை ஒரே சூட்டில் வைத்தால் எல்லாம் பெண். 32.5இல் வைத்தால் எல்லாம் ஆண். நடுவில், மேலே போனால் கலந்து வரும். இந்தக் கணக்கில் பெரும்பகுதி வடநெம்மேலி முட்டைகளை வைத்தே கண்டுபிடிக்கப்பட்டது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு தலைமுறையே ஆணாகவோ பெண்ணாகவோ போய்விடும். கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைவிட்ட ஒரு ராத்திரியில் பொரிப்பகத்தில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பொரிக்கும் நேரம் வந்தால் முட்டைக்குள்ளிருந்தே குட்டி கத்தும். "ம்யாவ்" என்று பூனைக்குட்டி தொண்டை கட்டினமாதிரி ஒரு சத்தம். தாய் அதைக் கேட்டுக் கூட்டைக் கிளறி, குட்டிகளை வாயில் எடுத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகும். மக்கரில் தகப்பனும் தூக்கிப் போவதைப் பார்த்திருக்கிறார்கள். எலும்பை நொறுக்கும் அந்த வாய் ஒரு முட்டையோட்டை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் மெல்ல உருட்டி உடைத்துக் குட்டியை எடுக்கும். இதைப் பார்த்தபிறகு எனக்கு முதலைக் கண்ணீர் என்கிற சொல்லின்மேல் கொஞ்சம் கோபம்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில் மதுரைக்காரர் அரை உண்மை சொல்லியிருக்கிறார். உவர்நீர் முதலையின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. 1981இல்தான் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். அதனால் அது கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். நீரோட்டம் தனக்குச் சாதகமாக ஓடும்போது மிதந்து போய், எதிராகத் திரும்பினால் கரையேறிக் காத்திருக்கும். பாய்மரம் ஓட்டிய நம் முன்னோர் செய்தது மாதிரியேதான். ஆனால் பெண் முதலை கூடு கட்டுவது நன்னீர் கலக்கும் சதுப்பு ஓரங்களில். குட்டிகளும் உப்புக் குறைந்த தண்ணீரில்தான் நன்றாகத் தேறும். ஒடிசாவின் பிதர்கனிகாவில், சுந்தரவனத்தில், அந்தமானில் இன்று அது இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் அது அழிந்து வெகுகாலம் ஆகிறது. கொள்ளிடத்தில், அணைக்கரை, சிதம்பரம் பக்கம் ஆளைக் கடித்ததாகச் செய்தி வருவதெல்லாம் மக்கர். அது நன்னீர் விலங்கு, உங்கள் இறால் குளத்து உப்பில் வைத்து வளர்க்க முடியாது.

பழைய தமிழில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர் சேர்ந்தே வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையா என்று புலவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எது எப்படியோ, இந்த மண்ணில் ஒன்றுக்கு மேல் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் முதலை இருந்தது.

இப்போது பண்ணைக்கு வருகிறேன். முதலைப் பண்ணை என்றால் இறைச்சிப் பண்ணை என்று பலர் நினைக்கிறார்கள். கறி விற்கத்தான் செய்கிறது, ஆனால் காசு தோலில். அதிலும் முதுகுத் தோலில் இல்லை. முதுகில் ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் எலும்புத் தகடு இருக்கிறது, பதப்படுத்தினாலும் மடங்காது. காசு வயிற்றுத் தோலில். உலகத்திலேயே அதிக விலை உவர்நீர் முதலைக்குத்தான், ஏனென்றால் அதன் வயிற்றுச் செதில்கள் சிறியவை, ஒரே சீரானவை, எலும்பு இல்லாதவை. தென்னமெரிக்காவின் கெய்மன் என்கிற முதலையினத்துக்கு வயிற்றிலும் எலும்பு, அதனால் விலை மட்டம். வயிற்றின் அகலத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். ஒரு சுவாரசியம்: முதலையின் ஒவ்வொரு வயிற்றுச் செதிலிலும் ஊசி குத்தினமாதிரி ஒரு புள்ளி இருக்கும். தண்ணீரின் அசைவை அறியும் உணர்வுறுப்பு அது. அமெரிக்க அலிகேட்டருக்கு அது தாடையில் மட்டும்தான். கடையில் கைப்பையை எடுத்துப் பார்த்து இது முதலையா அலிகேட்டரா என்று சொல்கிறவர்கள் இந்தப் புள்ளியைத்தான் தேடுகிறார்கள்.

தோலை மேசையில் விரித்து, கீழே விளக்கைப் போட்டு, ஒருவர் விரல் நுனியால் தடவிக்கொண்டே வருவார். ஒரு பல் பட்ட தடம், சிமென்ட்டில் உரசிய ஒரு கோடு, ஆறிப்போன ஒரு சின்னப் புண் இருந்தாலும் தரம் ஒரு படி இறங்கும். படி இறங்கினால் விலை சரிந்துவிடும். முதலைகள் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்குமா? இருக்காது. அதனால் கடைசி மாதங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனித் தொட்டியில், வழவழப்பான தரையில் வைக்கிறார்கள். நான் பார்த்த இடத்தில் அது பண்ணையாகத் தெரியவில்லை, வரிசையாகக் கதவுகள் வைத்த ஒரு லாட்ஜ் மாதிரி இருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒன்று, ஆடாமல் அசையாமல். மூக்கில் ஏறும் நாற்றம் ஒன்றுதான் பண்ணையை ஞாபகப்படுத்தியது.

கொசுவைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழுந்து தரம் கெட்டுக்கொண்டே இருந்தது. தேடிப்போனால், கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ்தான் காரணம். முதலைக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, தோலை மட்டும் கெடுத்துவிடும். முதலையைக் கடிக்கக் கொசுவுக்கு எங்கே இடம் என்று சிரிக்காதீர்கள், மெல்லிய தோல் இருக்கும் இடம் அதற்குத் தெரியும். அதோடு முதலைக்கு அம்மையும் உண்டு, ஈரல் நோயும் உண்டு, மூட்டு வீக்கமும் உண்டு. காட்டு முதலையின் காயம் சேற்றிலும் சீழ் பிடிக்காமல் ஆறுவதைப் பார்த்துவிட்டு நோயே வராத விலங்கு என்று சொல்லிவிட்டார்கள். நெருக்கி அடைத்து வைத்த குட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பயந்துபோன குட்டி தின்னாது, தின்னாத குட்டி தேறாது. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒவ்வொரு ஈட்டிலும் சில குட்டிகள் காரணமே தெரியாமல் மெலிந்து போகும்.

சங்காயம். இதற்குத்தான் நீங்கள் அதிகம் ஆசைப்பட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, விசைப்படகு கரைக்கு வந்தால் மலைபோல் குவிகிறதே. மீனை மட்டும், அதிலும் நாள்பட்ட, கொழுப்புக் கெட்ட மீனைத் தொடர்ந்து போட்டால் முதலைக்கு வைட்டமின் ஈ பற்றாமல் உடம்புக் கொழுப்பு கட்டியாக இறுகிவிடும். வாலைத் தொட்டால் கட்டை மாதிரி இருக்கும். சில வகை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு பொருள் உண்டு, அதையே தின்னும் குட்டி தள்ளாடும். அதனால் பண்ணைகளில் கோழித் தலை, இறைச்சி, வைட்டமின் பொடி எல்லாம் கலந்து அரைத்துத்தான் போடுகிறார்கள். சங்காயம் இலவசமாகவே வந்தாலும் பாதித் தீனிக்குமேல் அதை நம்ப முடியாது.

அப்புறம் காலம். பண்ணை முதலை ஒன்றரை மீட்டர் தாண்டித் தோலுக்குத் தயாராக இரண்டு முதல் நாலு வருடம். சொந்தமாக முட்டை எடுக்க வேண்டும் என்றால், உவர்நீர் முதலைப் பெண் பருவத்துக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருடம், ஆண் பதினாறு. மக்கர் பெண் கொஞ்சம் சீக்கிரம், ஆறு வயதுக்கு மேல். இறாலில் நூற்றிருபது நாளில் லாபமோ நட்டமோ தெரிந்துவிடும். இங்கே முதலையில் போட்ட முதலைப் பார்க்க உங்கள் மகன் காலேஜ் முடிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு ஒரு நல்லது உண்டு: வெயில். ராமநாதபுரத்தில் குட்டிக் கொட்டகைக்குச் சூடேற்றும் செலவு வருடத்தில் பெரும்பகுதி தேவைப்படாது. ஆனால் அதோடு நல்லது முடிந்தது. முதலைத் தொட்டியைத் தினமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ காலி செய்து கழுவி நிரப்ப வேண்டும், இல்லையென்றால் அதன் கழிவிலேயே அது கிடந்து தோல் கெடும். அதற்கு நல்ல தண்ணீர். வைகை நம் பெரிய கண்மாய்க்கு எட்டிப் பார்ப்பதே சில வருடம் தான். குடிக்கக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், அதற்கும் குடம் வரிசையில் நிற்கிறது. அந்தத் தண்ணீரை முதலைக்கு ஊற்றுகிறேன் என்று ஊரில் சொல்லிப் பாருங்கள், வனத்துறை வருவதற்கு முன்னால் தெருக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

அடுத்தது கரை. உங்கள் குளத்துக் கரை மழையில் ஒருமுறையாவது உடைந்திருக்கும். இறால் போனால் நட்டம், அவ்வளவுதான். 2023 செப்டம்பரில் சீனாவின் மாவ்மிங் நகரத்தில் வெள்ளத்தில் ஒரு பண்ணையிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட முதலைகள் வெளியேறிவிட்டன. 2024இல் வடதாய்லாந்தில் ஒரு பண்ணைக்காரர் மழையில் சுவர் இடிந்துவிடும் என்று பயந்து தன்னுடைய 125 முதலைகளையும் தானே கொன்றார். பதினேழு வருடம் வளர்த்தவை. இங்கே பாக் விரிகுடாப் பக்கம் கரை உடைந்தால் என்ன? நம் பெண்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடுப்பில் சாக்கைக் கட்டி, மூச்சைப் பிடித்துப் பாசி எடுக்க முங்குகிற தண்ணீர் அது. உவர்நீர் முதலையின் ஆண் ஆறு மீட்டர் வரை வளரும். தீவுகளையே தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடா பக்கத்திலேயே இருக்கும்போது, அரசாங்கம் இதற்கு என்றாவது அனுமதி தரும் என்று நான் நினைக்கவில்லை. தரக்கூடாது என்றும் நினைக்கிறேன்.

"ஆஸ்திரேலியாவில் செய்கிறார்களே, நாம் ஏன் செய்யக்கூடாது" என்ற கேள்வி நியாயமானதுதான். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில் 1971 வரை சுட்டுத் தள்ளி, மூவாயிரம் முதலைதான் மிச்சம் என்ற நிலை வந்தது. தடை போட்டுப் பாதுகாத்தார்கள், எண்ணிக்கை ஏறியதும் காட்டுக் கூடுகளிலிருந்து முட்டையை எடுத்துப் பண்ணைக்கு விற்க அனுமதித்தார்கள். ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு போய்க்கூட முட்டை எடுத்திருக்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பழங்குடி மக்களுக்கு முட்டைக்குக் காசு. காசு வருவதால் சதுப்பை அழிக்காமல் விட்டார்கள், முதலையையும் சகித்துக்கொண்டார்கள். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கு மேல். பப்புவா நியூகினியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. இதற்கு நேர் எதிர் தாய்லாந்து. 1950இல் சமுத் பிரகானில் பெரிய பண்ணை ஆரம்பித்து, இன்று நாடு முழுக்கப் பண்ணைகளில் லட்சக்கணக்கில் சயாம் முதலை இருக்கிறது. காட்டில் விரல்விட்டு எண்ணலாம். பண்ணை மட்டும் இருந்தால் காட்டு முதலை பிழைத்துவிடும் என்பதில்லை, காட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் காசு ஓட வேண்டும்.

நம் நாட்டில் இந்த வாதம் நடக்காமல் இல்லை. 1975இல் ஐ.நா. உதவியோடு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே, எண்ணிக்கை பெருகியபின் பண்ணை வைத்து மக்களுக்கு வருமானம் தரலாம் என்ற யோசனை அதில் இருந்தது. 1976இல் வடநெம்மேலியில் பண்ணையை ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேக்கரும் இந்த யோசனையை ஆதரித்தவர்தான். மக்கர் குட்டிகள் அங்கே பெருகிய வேகம் யாரும் எதிர்பாராதது, ஒரே வருடத்தில் இரண்டு முறை முட்டையிட்ட பெண்கள் உண்டு. பல மாநிலங்களுக்குக் குட்டிகளை விடுவதற்கு அனுப்பினார்கள். பிறகு விட இடமில்லை, விற்கச் சட்டமில்லை. 1990களுக்குள் ஆயிரக்கணக்கில் தேங்கிப்போய், முட்டையைப் பொரிக்கவிடாமல் எடுத்துவிடும் நிலைமைக்கு வந்துவிட்டார்கள். நான் பென்சில் கோடு போட்டுப் பழகிய முட்டைகளில் பெரும்பாலானவை பொரிப்பகத்துக்குப் போகவில்லை. அரசாங்கத்தின் பயம் ஒன்றுதான்: பண்ணைத் தோல் என்ற சீட்டோடு காட்டுத் தோலும் வெளியே போகும், உரித்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அட்டைக் கடத்தலைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் அந்தப் பயம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே நேரம் அணைக்கரையில் மாட்டையும் ஆளையும் முதலைக்குப் பறிகொடுக்கிற விவசாயிக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை என்பதும் உண்மை.

சரி, குளத்தை என்ன செய்வது? உங்கள் மண்ணும் தண்ணீரும் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஏற்றதைத்தான் போட வேண்டும். என் முதல் யோசனை கொடுவா மீன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், வெள்ளைப்புள்ளி அதற்கு வராது, சங்காயமும் தின்னும், கம்பெனித் தீவனத்துக்கும் பழகும். சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே முட்டுக்காட்டில் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது, குஞ்சு அங்கே கிடைக்கும். ஒரே கண்டிப்பு, ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை வலையில் அள்ளிப் பெரியதையும் சிறியதையும் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். ஆயிரம் விட்டு முந்நூறு எடுத்தேன் என்று அழுகிறவர்கள் எல்லாம் இதைச் செய்யாதவர்கள். கோடையில் உப்பு மிகவும் ஏறும் குளமாக இருந்தால் பால்மீன். விலை குறைவு, ஆனால் சாகாது. ஒரு ஓரத்தை அடைத்துச் சதையில்லாத சேற்று நண்டை வாங்கிவிட்டு மூன்று நாலு வாரத்தில் சதை பிடிக்க வைத்து விற்கலாம். தொண்டிப் பக்கம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், போய் நேரில் பாருங்கள். எதைப் போட்டாலும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் குளம் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மூன்று வருடம் சும்மா கிடந்ததில் காலாவதி ஆகியிருக்கலாம்.

மதுரைக்காரர் மறுபடி கூப்பிட்டால் சண்டை போட வேண்டாம். முதலை வைத்திருக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எனக்கும் சொல்லுங்கள், பேசிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.